மணித்தியாலக் கணக்கு

நாற்பது மணித்தியாலம் சேவை செய்தால்
ஒரு சான்றிதழ்.
விதி நான் எழுதியதல்ல,
கையெழுத்து மட்டும் என்னுடையது.

கல்லூரியின் சமூகசேவைப் பிரிவு என்பது
படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை.
பதினெட்டு மண்வெட்டி, நாலுக்குப் பிடியில்லை.
கையுறை ஒரு பெட்டி, எல்லாம் இடக்கைக்கு.
மூலையில் சுருட்டி வைத்த பதாகைகள்,
வருசத்துக்கு ஒரு வங்கியின் பெயரோடு.

தலைமைத்துவப் பயிற்சிக்குக்
கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார்.
கடதாசிக் கோப்பைகளால் கோபுரம் கட்டச் சொன்னார்.
கபிலாஷின் குழு கட்டியதே உயரம்;
அன்று பின்னேரமே அவன் தலைவன்.
பிழையான தெரிவென்று சொல்லமாட்டேன்.
கார்த்திகை மழை விட்ட கையோடு
உழவு இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கிவந்து
டீசலுக்குத் தன் காசையும் போட்டவன் அவன்தான்.

அப்படித்தான் குருநகர் போனோம், டெங்கு ஒழிப்புக்கு.
அறுபத்திரண்டு பிள்ளைகள், ஒரே நிறத்தில் ரீசேட்.
சிரட்டை, யோகட் கோப்பை, ரயர்,
உடைந்த வள்ளத்தின் வயிற்றில் தேங்கிய மழை.
வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள்
கால்களை மட்டும் மடக்கி வழிவிட்டார்கள்.

பிலோமினா அக்கா படலையில் நின்று கேட்டா:
"போன வருசம் நீலச் சட்டையோட வந்தனீங்கள்.
இந்த முறை மஞ்சள்.
வாய்க்கால் அதே வாய்க்கால்தானே, பிள்ளையள்?"
கபிலாஷ் சிரித்துச் சமாளித்தான்.
நான், பணிஸ் வந்துவிட்டதா என்று
பார்க்கப் போனேன்.

சாருகேசிதான் குனிந்து பார்த்தவள்.
அராலியிலிருந்து சைக்கிளில் வருகிறவள்;
எந்தக் குழுவிலும் பெயரில்லை.
வாய்க்கால் கடலைத் தொடவேண்டிய இடத்தை
வீதி போட்ட யாரோ
கொங்கிறீட்டால் மூடிவிட்டிருந்தார்கள்.
தண்ணீர் வந்து, முட்டி, திரும்பி,
அக்காவின் குசினிக்குப் பின்னால் படுத்துக்கொள்ளும்.

படம் எடுத்தோம்.
ஆளுக்கு ஐந்து மணித்தியாலம் பதிந்தேன்.

தை பிறந்து ஒரு திங்கட்கிழமை
அறை வாசலில் வந்து நின்றாள்.
"சேர், இதை எந்தக் கட்டத்தில எழுதுறது?"
கிழித்த கொப்பித் தாளில் ஒடுங்கிய எழுத்து:

மாநகரசபை. பொறியியலாளர் கூட்டத்தில். இரண்டரை.
மாநகரசபை. கடிதம் வேறு கிளைக்குப் போய்விட்டதாம். ஒன்று.
வீதிக் கந்தோர். வீதிதான் எங்களது, வாய்க்கால் அவர்களது. மூன்று.
மாநகரசபை. வாய்க்கால்தான் எங்களது, மூடியது அவர்கள். இரண்டு.
அக்கா வீடு. முப்பத்தொரு கையெழுத்து. தேத்தண்ணி தந்தவ,
அந்த அரை மணித்தியாலத்தைக் கழித்திருக்கிறேன்.
மாநகரசபை. மின்சாரம் இல்லை. இருந்தேன். நாலு.

என் படிவத்தில் உள்ள நிரல்கள்:
இடம். பங்குபற்றியோர் தொகை.
அகற்றிய கழிவு, கிலோவில். படம்.
பங்குபற்றியோர் ஒன்று என்று எழுதினேன்.
கழிவுக்கு ஒரு கோடு.
வாங்கில் குந்தியிருந்து
தன் பெயர் கூப்பிடப்படாத பிள்ளையை
யார் படமெடுப்பது?
அடிமட்டம் வைத்து ஓரத்தில்
புதிதாய் ஒரு நிரல் கீறினேன்.
என்ன பெயர் வைப்பதென்று தெரியாமல்
வெறுமையாய் விட்டேன்.

பங்குனி நடுவில் ஒருநாள்
இயந்திரம் வந்து கொங்கிறீட்டை உடைத்தது,
பாதிவரை.
மிச்சம் அடுத்த நிதி வந்தபிறகாம்.
செய்தி கேட்டுக் கபிலாஷ் ஓடிவந்தான்:
"சேர், அலவாங்கு இருக்கு, பெடியள் இருக்கிறாங்கள்,
ஞாயிற்றுக்கிழமை நாங்களே உடைப்பமா?"
"வேண்டாம்" என்றாள் சாருகேசி.
"அவையளே உடைக்கட்டும்.
நாளைக்கு அடைச்சாலும்
அவையள்தானே வரவேணும்."
அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, எந்தக் கிளை, எத்தனையாம் மாடி என்று
அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டான்.

வருச முடிவில் கூட்டிப் பார்த்தேன்.
அவளுக்கு முப்பத்தேழு.
சான்றிதழுக்கு மூன்று குறைவு.
அந்தத் தேத்தண்ணி நேரத்தையும் சேர்த்து
எப்படியாவது போட்டுவிடவா என்றேன்.
"வேண்டாம் சேர்" என்றாள்
சைக்கிள் பூட்டைத் திறந்தபடி,
"வியாழக்கிழமை எப்படியும்
திரும்பப் போகவேணும்."